பெட்டை ஆட்டை விற்பதற்கு முன்னால் உதவி வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மழை பொய்த்த ஆண்டிலும் சரி, மழை கொட்டித் தீர்த்த ஆண்டிலும் சரி, பயிர்ச்சேதம் முதலில் ஏக்கர் கணக்கில் செய்தியாக வருகிறது. பல மாதங்கள் கழித்து நிவாரணம் கோடிக் கணக்கில் செய்தியாக வருகிறது. இந்த இரண்டு செய்திகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில், இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பம் எதை விற்றது, எதை அடகு வைத்தது, யாரை எங்கே வேலைக்கு அனுப்பியது என்பது எங்கும் பதிவாவதில்லை. வாழப்பாடி வட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடன் ஏடு எழுதி ஓய்வு பெற்றவன் நான். இன்றும் மூன்று ஏக்கரில் மரவள்ளியும் தீவனச் சோளமும் போட்டு வருகிறேன். அந்த இடைப்பட்ட மாதங்களை மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிறு விவசாயிக்குப் பருவநிலை மாற்றம் பற்றிய விழிப்புணர்வு போதாது என்று கூட்டங்களில் பேசப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலப்பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்குச் சற்றே குறைவு. அவ்வளவு நிலத்தில் ஒரு போகம் தவறினாலும் வீட்டில் அடுப்பு தடுமாறும் என்பதை அறிந்தேதான் ஒவ்வொரு குடும்பமும் தன் பிழைப்பைப் பல இடங்களில் பிரித்து வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு பங்கு மரவள்ளி என்றால் ஒரு பங்கு மாட்டுக்குச் சோளத்தட்டு, வரப்போரம் ஆமணக்கும் அவரையும், வீட்டோரம் நாலு தென்னை, கட்டுத்தரையில் ஒன்றிரண்டு கறவை மாடு, ஐந்தாறு வெள்ளாடு. மகன்களில் ஒருவர் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கோ தறிக்கோ போவார். சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் இதை இன்னும் நுட்பமாகச் செய்து வந்திருக்கிறார்கள். சரிவில் சாமை, தினை, கேழ்வரகு, அவற்றோடு கலந்து அவரை, துவரை. காப்பிச் செடிக்கு நிழலாகச் சில்வர் ஓக், அதன் மேல் ஏறும் மிளகுக் கொடி, ஊடே பலா. காப்பி ஏமாற்றினால் மிளகு, மிளகும் ஏமாற்றினால் மூன்று மாதத்தில் வீட்டுக்கு வரும் சாமை. இவையெல்லாம் காப்பீடுதான்; பிரீமியம் மட்டும் பணமாக இல்லாமல் உழைப்பாகக் கட்டப்படுகிறது.

ஆனால் ஓராண்டு இடரைத் தாங்குவதற்கென்று அமைந்த இந்த ஏற்பாடு, அடுத்தடுத்து இடர் வரும்போது தன்னைத்தானே தின்னத் தொடங்குகிறது. அது எந்த வரிசையில் நடக்கிறது என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் சந்தைச் செலவு சுருங்கும். அடுத்து வெள்ளாட்டுக் கிடாய்கள் போகும். கிடாய் விற்பதற்கென்றே வளர்க்கப்படுவது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பிறகு வீட்டுப் பெண்ணின் தோடு, மூக்குத்தி, வளையல் சங்கத்துக்கு வரும். சங்கத்தில் கடன் வரம்பு முடிந்தவர்கள் குழுக் கடனுக்கும் வாரத் தண்டலுக்கும் போவார்கள். வயதுப் பிள்ளைகள் திருப்பூருக்கோ, கேரளத்துக்கோ, ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு வெளிமாநிலத்துக்கோ கிளம்புவார்கள். இதற்குப் பிறகு வருவதுதான் எல்லை. பெட்டை ஆட்டை விற்பார்கள், சினை மாட்டை விற்பார்கள், கல்லூரியில் படிக்கும் பெண் நின்றுவிடுவாள். கிடாயை விற்ற குடும்பம் அடுத்த ஆண்டு எழுந்துவிடும். பெட்டையை விற்ற குடும்பம் மழை நன்றாகப் பெய்தாலும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு எழுவதில்லை, ஏனென்றால் மழை பெய்யும்போது அவர்கள் கையில் குட்டி போட ஆடும் இல்லை, பால் பணமும் இல்லை, எருவும் இல்லை.

நான் வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான். உதவித் தொகை எவ்வளவு என்பதைவிட, அது பெட்டை ஆடு சந்தைக்குப் போவதற்கு முன் வந்ததா, பின் வந்ததா என்பதே ஒரு குடும்பத்தின் கதியைத் தீர்மானிக்கிறது.

2016-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காணாத வறட்சி அது. மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று 2017 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. எங்கள் சங்கத்திலோ புரட்டாசி முடிவதற்குள்ளேயே நகையோடு வருகிறவர்கள் வரிசை நீண்டுவிட்டது. ஐப்பசியில், அதற்கு முன் ஒருபோதும் அடகு வைக்காத வீடுகளிலிருந்தும் வந்தார்கள். கார்த்திகையில் ஒரு பெண் தாலிக்கொடியைக் கொண்டு வந்தார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. மதிப்பீட்டாளர் எடை சொல்ல, நான் ஏட்டில் எழுதினேன். அரசு அறிவிப்பு வருவதற்கு முன்பே வறட்சி எங்கள் ஏட்டில் மூன்று மாத வயதை எட்டியிருந்தது. பயிர் ஆய்வு, சேத மதிப்பீடு, அறிவிப்பு, நிதி ஒதுக்கீடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் முறை இருக்கிறது என்பதும், பொதுப்பணத்தை அப்படித்தான் செலவிட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நகைக்கடன் ஏடு காட்டிய அறிகுறியை யாராவது மாதந்தோறும் படித்திருந்தால் இவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்காது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

வறட்சி மட்டும் இடரல்ல. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து உள்மாவட்டங்கள் வழியாக நகர்ந்தபோது, கடலைப் பார்த்தறியாத எங்கள் மாவட்டத்தையும் அடித்து நனைத்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு கரை தொட்டு ஓடியது. வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். மரவள்ளிக் கிழங்கு எங்கள் பக்கம் எடையை மட்டும் பார்த்து விலை போவதில்லை. ஆலையில் கிழங்கின் மாவுச்சத்தை அளந்து, இத்தனை பாயிண்ட் என்று சொல்லி, ஒரு பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள். வெட்டுகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், கிழங்கு நீர் கோத்துப் பாயிண்ட் இறங்கிவிடும். பார்வைக்குக் கிழங்கு பெரிதாக இருக்கும், எடையும் இருக்கும், பணம் இருக்காது. தண்ணீர் நின்ற வயலிலோ கிழங்கே அழுகிவிடும். பத்து மாதம் காத்திருந்த பயிர் பத்தே நாளில் இப்படி ஆகிறது. 2023-இல், மரவள்ளி மாவிலிருந்து செய்யும் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை நாங்களும் பெருமையாகத்தான் கொண்டாடினோம். அந்தக் குறியீட்டுக்கு அடியில் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைக் காப்பாற்றவும் அதே அக்கறை வேண்டும்.

பயிர்க்காப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தில் மரவள்ளி போன்ற தோட்டக்கலைப் பயிர்களுக்கு விவசாயி கட்ட வேண்டிய பங்கு, காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 விழுக்காடு. மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. நல்ல ஏற்பாடு, அதை எடுக்க வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மரவள்ளிக்கு இழப்பீடு ஒவ்வொரு வயலையும் பார்த்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. உள்வட்டம், அதாவது பிர்கா முழுவதற்கும் சேர்த்து, சில வயல்களில் நடக்கும் சோதனை அறுவடையின் சராசரி, திட்டத்தில் முன்கூட்டியே குறித்துவைத்த உத்தரவாத மகசூலைவிடக் குறைந்தால் மட்டுமே எல்லாருக்கும் கிடைக்கும். எங்கள் உள்வட்டத்தில் மலையடிவார ஊர்களும் இருக்கின்றன, மானாவாரி மேட்டு ஊர்களும் இருக்கின்றன. ஒரு கரட்டுக்கு, அதாவது சிறு குன்றுக்கு, இந்தப் பக்கம் ஓடை உடைத்துக்கொண்டு ஓடும். அந்தப் பக்கம் புழுதி பறக்கும். சேலம் சமவெளியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை என்றால், முப்பது கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருக்கும் ஏற்காட்டில் 1500 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும் மாவட்டம் இது. இங்கே சராசரி என்பது பலருக்குப் பொருந்தாத சட்டை. அதோடு சோதனை அறுவடை எடையை மட்டுமே அளக்கிறது, பாயிண்ட்டை அளப்பதில்லை. மழையில் பாயிண்ட் இழந்த கிழங்கு காப்பீட்டின் கண்ணில் முழு மகசூல்.

வயலில் வெள்ளம் தேங்குவது, நிலச்சரிவு, ஆலங்கட்டி மழை போன்ற இடர்களுக்கு மட்டும் தனி வயல் ஆய்வு உண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். அந்தப் புயல் மழையில் என் தாழ்வயல் முக்கால் ஏக்கர் நீரில் நின்றது. எங்கள் ஊரில் மின்சாரம் போய், கைபேசி அணைந்து, தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் நான்காம் நாள்தான் தெரிவித்தேன். விதி அறிந்தவனான எனக்கே இந்த நிலை என்றால், விதியே தெரியாத வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். பேரிடர் நிவாரண விதிப்படி 33 விழுக்காட்டுக்கு மேல் சேதம் என்று பதிவானால் மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாயும் பாசனப் பயிருக்கு 17,000 ரூபாயும் கிடைக்கும். 8,500 என்பது ஏக்கருக்கு 3,400 ரூபாய் அளவு. அடுத்த நடவுக்கு உழவுக் கூலி கொடுத்து, விதைக்குச்சி வெட்டி நடும் ஆட்களுக்கும் கொடுக்க அது போதாது; என்றாலும் அடுத்த நடவுக்கு முன் கைக்கு வந்தால் அது ஒரு தொடக்கம், வெட்டு முடிந்து வந்தால் வட்டிக்குப் போய்விடும்.

வெயிலும் பூச்சியும் சேர்ந்து வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020-இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவிலேயே சேலம், நாமக்கல் வயல்களுக்கு வந்தது. வெயிலும் வறட்சியும் அதற்குத் தோது. நல்ல மழை பெய்தால் கழுவிப்போகும். மருந்து அடித்து அடித்துக் கடனானவர்களை நான் அறிவேன். பெனின் நாட்டிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவியை வளர்த்து, 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக வயல்களில் விட்டபோதுதான் மூச்சு வந்தது. ஒரு ரூபாய் செலவு வைக்காமல் விவசாயியின் வயலுக்கே வந்து சேர்ந்த உதவி அது. விஞ்ஞானிகளுக்கு எங்கள் வட்டாரம் கடன்பட்டிருக்கிறது.

மலைமேல் நிலைமை வேறு. 1820-களில் அன்றைய சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்கு வந்த காப்பி, இன்று பெருந்தோட்டங்களில் மட்டுமல்லாமல் ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் மலைக்குடும்பங்களிடமும் இருக்கிறது. காப்பிக்கு மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை வேண்டும். அதில்தான் மொட்டு விரியும். பிறகு சில வாரங்களில் மறுமழை வேண்டும். இல்லையேல் பிடித்த பிஞ்சு நிற்காது. பெருந்தோட்டக்காரர் மழை தாமதித்தால் தெளிப்பான் வைத்து நனைத்துக்கொள்வார். தலைச்சுமையாகக் குடிநீர் எடுக்கும் வீட்டில் தெளிப்பானுக்கு எங்கே போவது? 2024 கோடையில் சேலம் சமவெளி 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காய்ந்த நாட்களில், மலையிலும் காப்பியும் மிளகும் வாடின. ஒரு மிளகுக் கொடி பட்டுப்போனால் அதன் இடத்தில் வைக்கும் கொடி காய்க்க மூன்று ஆண்டு ஆகும். காப்பிச் செடிக்கும் ஏறத்தாழ அதே கணக்கு. ஓராண்டு வெயிலின் இழப்பு இங்கே நான்காண்டு இழப்பு. காப்பி வாரியமும் இந்திய வேளாண் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து முன்பு சிறு காப்பி விவசாயிகளுக்கென மழை அளவை அடிப்படையாகக் கொண்ட காப்பீடு ஒன்றை நடத்தின. பூக்கும் காலத்து மழை குறித்த அளவுக்குக் குறைந்தால், சேதத்தைப் போய்ப் பார்க்காமலேயே இழப்பீடு என்பது அதன் அடிப்படை. என் கருத்தில் மலைக்குப் பொருத்தமான வழி அதுதான், மழைமானி அருகில் இருக்கும் பட்சத்தில். மலைக்குடும்பங்களுக்கு மற்றொரு தடை ஆவணம். பட்டா தாத்தா பெயரிலேயே நிற்கும். உழுகிறவள் பேத்தியாக இருப்பாள். அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், அவள் பெயர் ஏறாத வரை கடனும் இல்லை, காப்பீடும் இல்லை, நிவாரணமும் இல்லை.

சமவெளியில் இடரைச் சமாளிக்க என்று செய்வதே பேரிடராக மாறும் ஒன்று இருக்கிறது. அது ஆழ்துளைக் கிணறு. எங்கள் மாவட்டம் கடும்பாறைப் பூமி. பல ஒன்றியங்களில் நிலத்தடி நீர் ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்படுவதாக அரசே வகைப்படுத்தியிருக்கிறது. ஒரு வறட்சி வந்ததும் நகையை வைத்து ஆயிரம் அடி போடுகிறார்கள்; தண்ணீருக்குப் பதில் பாறைப்புகை வந்தால் நகையும் போகும், தண்ணீரும் இல்லை. தண்ணீர் வந்தாலோ பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றும். நான் ஏட்டில் எழுதிய நகைக்கடன்களில் ஏலத்துக்குப் போனவை பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறு போட வாங்கியவைதான். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு மானியத்தில் சொட்டுநீர் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் சொட்டுவதற்கு நீர் வேண்டும். மேட்டூர் அணையின் உபரிநீரை மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டு செல்லும் 565 கோடி ரூபாய்த் திட்டம் அணையை ஒட்டிய பகுதிகளுக்கு ஆறுதல். வசிஷ்ட நதியை நம்பியிருக்கும் எங்களைப் போன்ற கிழக்குப் பகுதியினருக்கு ஏரி வாய்க்கால் தூர்வாருவதும், பண்ணைக் குட்டையும், மலைச்சரிவில் தடுப்பணையும்தான் வழி. அந்த வேலைகளை ஊரக வேலைத்திட்டத்தில் கோடையிலேயே முடித்தால், ஒரே கூலியில் இரண்டு பயன் கிடைக்கும்: வேலை இல்லாத மாதத்தில் பணம், மழை மாதத்தில் நீர்.

இனி என் கோரிக்கைகள். காப்பீட்டு விதியிலேயே இடைப்பருவ இடர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பருவத்தின் நடுவே, எதிர்பார்க்கும் மகசூல் உத்தரவாத மகசூலில் பாதிக்கும் கீழே போகும் என்று தெரிந்தால், காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு வரை முன்பணமாகக் கொடுக்கலாம் என்கிறது அப்பிரிவு. புது விதி எதுவும் தேவையில்லை. இதை ஐப்பசியில் மழை தவறியதுமே கையில் எடுக்கும் நடைமுறையை மாவட்ட நிர்வாகம் உருவாக்கினால் போதும். இரண்டாவது, மாநிலம் முழுவதும் நிறுவப்பட்டு வரும் தானியங்கி மழைமானிகள் மலையடிவார ஊராட்சிகளிலும் ஏற்காடு, கல்வராயன், அருநூற்றுமலை ஊர்களிலும் ஊராட்சிக்கு ஒன்றாவது அமைய வேண்டும். அதன் அளவு ஊராட்சிப் பலகையில் எழுதப்பட வேண்டும். மூன்றாவது, மாட்டைக் காப்பாற்றுவது. வறட்சியில் சோளத்தட்டும் வைக்கோலும் விலை ஏறிய பிறகே மாடுகள் சந்தைக்குப் போகின்றன. பால் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக மார்கழியிலேயே தீவனத்தை வாங்கி இருப்பு வைத்து, பால் பணத்தில் பிடித்துக்கொள்ளும்படி கொடுத்தால், சினை மாடு கட்டுத்தரையிலேயே நிற்கும். கூட்டுறவில் நேரத்தில் கட்டினால் வட்டியில்லாப் பயிர்க்கடன் கிடைப்பது போல, பெட்டை ஆட்டையும் கறவை மாட்டையும் விற்காமல் வைத்திருக்கவே ஒரு சிறு அவசரக் கடன் இருக்க வேண்டும் என்பது, நகைக்கடன் மேசையில் அமர்ந்திருந்த காலம் முழுவதும் என் மனத்தில் இருந்த எண்ணம். 2021-இல் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடியானபோது பலர் கண்ணில் நீரைக் கண்டேன். ஆனால் தண்டலில் வாங்கியவர்களுக்கு அன்று எதுவும் மாறவில்லை. முதலிலேயே அவர்கள் தண்டலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதே பெரிய உதவி.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் சேலம் பதிப்பில் நகரத்தின் மழை அளவோடு, மாவட்டத்தின் எல்லா மழைமானி நிலையங்களின் அளவையும், அதே நாளின் இயல்பு மழையையும் சேர்த்து வாரம் ஒருமுறை வெளியிடுங்கள். அதன் பக்கத்திலேயே காப்பீட்டுக்கான கடைசித் தேதி, ஒவ்வொரு உள்வட்டத்தின் உத்தரவாத மகசூல், வெள்ளச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றையும் அச்சிடுங்கள். எங்கள் ஊர் டீக்கடையில் காலை ஆறு மணிக்கு உங்கள் நாளிதழைப் பிரித்துச் சத்தமாகப் படிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. மின்சாரம் போன நாளிலும் அந்தத் தாள் வந்து சேர்ந்துவிடுகிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியர் ஒருவர்,
வாழப்பாடி வட்டம், சேலம் மாவட்டம்.